ஆண் என்று பதியப்பட்ட முப்பத்து நான்கு பேர்

முதல் தடவை அவள் தெரியாமல்தான் தொட்டாள். யார் வந்து கேட்டாலும் இதை மட்டும் சத்தியம் பண்ணிச் சொல்வாள். ஆஸ்பத்திரி டோக்கன் கவுண்டரில் காலை பத்து மணிக் கூட்டம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை வாந்தி எடுத்த இடத்தைத் துடைக்க ஆள் வராமல் எல்லோரும் அதைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். திரையில் 'பெண்' என்று தொட வேண்டிய விரல் கொஞ்சம் தள்ளி 'ஆண்' என்பதில் விழுந்துவிட்டது. எதிரே நின்றவளுக்கு ஐம்பது வயது இருக்கும். இடது தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா, ராத்திரி சரியாத் தூங்கல, அதான்" என்று தன் நோய்க்குத் தானே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புருஷன், "வாயுப் பிடிப்புங்க. சொன்னாக் கேக்கறதில்ல" என்றான். திரை ஒரு நொடி யோசித்தது. பிறகு சிவப்பானது.

சிவப்பு விழுந்தால் உள்ளே மணி அடிக்கும், தள்ளுபடுக்கை ஓடி வரும். ஐயையோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டு அவள் திருத்தப் போவதற்குள் பதிவு பூட்டிக்கொண்டுவிட்டது. சிவப்புப் பதிவை டாக்டர்தான் திறக்க முடியும். டாக்டருக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? அந்தம்மாவைப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போதும் அவள், "எனக்கு எதுக்கு இதெல்லாம், நான் நடந்தே வரேனே" என்று கூச்சப்பட்டாள். முக்கால் மணி நேரம் கழித்து ஈசிஜி எடுக்கிறவள் கவுண்டருக்கு வந்து, கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து நின்றாள்.

"பெரிய அடைப்புடி. இன்னும் கொஞ்ச நேரம் உக்கார வச்சிருந்தா அங்கயே சாஞ்சிருப்பா. நல்ல வேளை, உன் மாப்பிள்ளைக்கு இன்னிக்காவது புத்தி வந்துச்சு."

மாப்பிள்ளை என்றது அந்தத் திரையை. அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு, சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். மூன்று வருஷம் முன்புவரை அந்த வாசலில் ஒரு மூத்த நர்ஸ் நிற்பாள். வருகிறவர்களை ஏற இறங்கப் பார்ப்பாள், உள்ளங்கையைத் தொட்டுப் பார்ப்பாள், "இவங்க உள்ள போகட்டும், நீங்க உக்காருங்க" என்பாள். அவள் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு ஆள் போடாமல் திரையைப் போட்டார்கள். வயது, பாலினம், உபாதை எல்லாம் தொட்டால் நிறம் சொல்லும். உட்கார்ந்த இடத்தைவிட்டு நகராது, ஒரு துரும்பை எடுத்துப் போடாது, ஆனால் அது சொன்னால் சொன்னதுதான். எதிர்த்துப் பேசினால் பெரிய இடத்து மனஸ்தாபம். அதனால்தான் அங்கே வேலை செய்யும் பெண்கள் மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். "மாப்பிள்ளை என்ன சொல்றாரு?" "பச்சைங்கிறாரு." "அவருக்கென்ன, சொல்லுவாரு."

பச்சைச் சீட்டு வாங்கினவர்கள் பெஞ்சில் காத்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரமும் ஆகும், நாலு மணி நேரமும் ஆகும். கடைசியில் ஒரு டாக்டர் பார்த்து, தோன்றினால் ஈசிஜிக்கு எழுதுவார். ஆண்கள் சத்தம் போட்டாவது உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் பாதிப் பேர் அதற்குள் எழுந்து போய்விடுவார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் நேரம், வேலைக்குத் திரும்பும் நேரம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அவர்கள் போனதும் அவர்கள் பெயருக்கு நேரே 'நலம், வீடு திரும்பினார்' என்று பதிவாகும். வேறு எப்படிப் பதிவது? அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.

கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் இவளை ஆஸ்பத்திரி முழுக்க டோக்கன் அக்கா என்பார்கள். பதினோரு வருஷமாக அதே நாற்காலி. அவளைவிட மூத்த துப்புரவுப் பெரியவர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். அன்று சாயங்காலம் டீ வேளையில் டோக்கன் அக்கா பயிற்சித் திரையைத் திறந்தாள். புதிதாக வருகிறவர்கள் பழகுவதற்காக வைத்தது அது. அங்கே எதைத் தொட்டாலும் பதிவாகாது. ஐம்பத்திரண்டு வயது, தோள் வலி, வேர்வை, களைப்பு, பெண்: பச்சை. அதே வயது, அதே வலி, ஆண்: சிவப்பு. மறுபடி பெண்: பச்சை. மறுபடி ஆண்: சிவப்பு. பக்கத்தில் டீயோடு நின்ற ஈசிஜிக்காரி முதலில் சிரித்தாள். "இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்ல!" என்றாள். ஏழெட்டுத் தடவை மாற்றி மாற்றிப் போட்ட பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மேலாளரிடம் போய்ச் சொன்னாள். மேலாளர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. உட்காரச் சொல்லித்தான் பேசினார்.

"நம்ம ஆஸ்பத்திரியோட எட்டு வருஷப் பதிவுலேர்ந்து கத்துக்கிட்டதும்மா அது. யாரோட சொந்த அபிப்பிராயமும் இல்ல. நம்பருக்கு ஆம்பளை பொம்பளைன்னு தெரியுமா?"

"தெரியுது சார். நான் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தேன்."

"நீங்க எதுக்கு அதையெல்லாம் போட்டுப் பார்க்கறீங்க?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் 'எட்டு வருஷப் பதிவு' என்ற வார்த்தை அவளை விடவில்லை. அந்த எட்டு வருஷப் பதிவைத் தட்டியது யார்? அவள்தான். டாக்டர்கள் கிறுக்கித் தள்ளும் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்துக் கணினியில் ஏற்றியது இந்த விரல்கள்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த ஆண் என்றால் டாக்டர் ஒரு பக்கம் எழுதியிருப்பார். பெண் என்றால் 'பதற்றம்' என்று ஒரு வார்த்தை இருக்கும். பல சீட்டுகளில் அதுவும் இருக்காது. நோய் என்ன என்ற கட்டத்தை நிரப்பாமல் படிவம் மூடாது. பின்னால் நாற்பது சீட்டு குவிந்து கிடக்கும். பட்டியலைத் திறந்தால் முதலில் நிற்பது 'பதற்றம்'. பெண்தானே, இதுவாகத்தான் இருக்கும் என்று அவளே தொட்டுவிட்டு அடுத்த சீட்டை எடுப்பாள். எத்தனை நூறு தடவை! அன்றைக்கு அது ஒரு தப்பாகவே தெரியவில்லை, வேலை முடிந்த நிம்மதிதான் தெரிந்தது. "மாப்பிள்ளையை ஊட்டி வளர்த்ததே நான்தாண்டி" என்று ஈசிஜிக்காரியிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு தெரிந்தே தொட ஆரம்பித்தாள். எல்லோருக்கும் இல்லை. பதிவதற்கு முன் டோக்கனை நீட்டுகிற சாக்கில் கண்ணாடிக்குக் கீழே கையை விட்டு, வாங்குகிறவள் உள்ளங்கையைத் தொட்டுப் பார்ப்பாள். சில்லென்று ஈரமாக இருந்து, முகமும் சரியில்லை என்று மனசு சொன்னால் 'ஆண்'. சந்தேகமாக இருந்தால் 'பெண்' என்றே போட்டுவிடுவாள். எல்லோரையும் ஆணாக்கினால் ஒரே நாளில் மாட்டிக்கொள்வாள், அது அவளுக்குத் தெரியும். உள்ளே ஈசிஜிக்காரி தாளில் பேனாவால் 'பெ' என்று திருத்திக்கொள்வாள், மருந்து அளவு மாறிவிடக் கூடாதே என்று. கணினியில் திருத்த மாட்டாள். பதினோரு மாதத்தில் முப்பத்து நான்கு பேர். மூன்று பேர் தவிர மற்ற அத்தனை பேருக்கும் நெஞ்சில் நிஜமாகவே கோளாறு இருந்தது. முப்பது பேர் உயிரோடு வீட்டுக்குப் போனார்கள்.

கூத்துகளும் நடக்காமல் இல்லை. ஒருத்திக்கு வீட்டுக்குப் போகும்போது கொடுத்த தாளில் 'திரு.' என்று இருந்தது. இன்னொருத்தியின் வீட்டுக்கு, ஆண்களுக்கு மட்டும் வரக்கூடிய புராஸ்டேட் கோளாறுக்குப் பரிசோதனை செய்துகொள்ளும்படி ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி போய்விட்டது. அவள் புருஷன் குதிகுதியென்று குதித்துக்கொண்டு வந்து, "என் பொண்டாட்டியை என்னன்னு நினைச்சுட்டீங்க?" என்று கண்ணாடியைத் தட்டினான். பின்னாலேயே மூச்சு வாங்க வந்த அந்தம்மா, "விடுங்க. அப்படிப் போட்டதாலதான் உசுரோட நிக்கறேனோ என்னவோ" என்றாள். சும்மாதான் சொன்னாள். டோக்கன் அக்கா அவசரமாக அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் டேட்டாப் பெண் வந்தாள். மாப்பிள்ளையைச் செய்து கொடுத்த கம்பெனியிலிருந்து இரண்டு நாள் உட்கார்ந்து பார்க்க அனுப்பியிருந்தார்கள். இருபத்தெட்டு வயது இருக்கலாம். மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு கவுண்டருக்கு உள்ளே ஒரு மூலையில் உட்கார்ந்தாள். நிமிர்ந்து பார்க்க மாட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தால், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அக்கா, டோக்கன் குடுக்கும்போது ஏன் கையைத் தொடறீங்க?"

"பழக்கம்மா."

"பொம்பளைங்க கையை மட்டும் தொடறீங்க."

"ஆம்பளைங்க கையைத் தொட்டா சும்மா இருப்பாங்களா?" என்று சொல்லிச் சமாளித்தாள். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். ஆனால் அன்று முழுக்க டோக்கன் அக்கா 'ஆண்' பக்கம் விரலைக் கொண்டுபோகவில்லை. நல்ல வேளையாக அப்படி யாரும் வரவில்லை, அல்லது வரவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் டீ குடிக்கும்போது அந்தப் பெண்ணே பேச்சை எடுத்தாள். இந்த ஊருக்கு அனுப்பச் சொல்லித் தானேதான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாளாம்.

"இது பொம்பளைங்களைத் தவற விடுதோன்னு எனக்குப் போன வருஷமே சந்தேகம் அக்கா. முப்பது பக்கம் எழுதிக் குடுத்தேன். எங்க ஆபீஸ்ல பெரியவங்க எல்லாம் படிச்சுட்டு, சரி, ஒரு வருஷ நம்பரைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னாங்க. உங்க ஆஸ்பத்திரியைத்தான் எடுத்துக்கிட்டோம், பதிவெல்லாம் சுத்தமா இருக்கும்னு. அதான் அக்கா என் வாயை அடைச்சிடுச்சு."

"என்னம்மா சொல்றே?"

"பெண்ணுன்னு பதிஞ்சு பச்சை வாங்கினவங்கள்ல ஒருத்தருக்குக்கூட அடைப்பு இல்ல. ஒருத்தருக்குக்கூட! முன்னாடியாவது நாலஞ்சு பேர் வருவாங்க, இந்த வருஷம் சுத்தமா இல்ல. மாப்பிள்ளை சொன்னது சரிதான்னு ஆயிடுச்சு. உங்க வாய்ல கேட்டு எனக்கும் மாப்பிள்ளைன்னே வருது. கூட்டத்துல எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க."

டோக்கன் அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். "ஆம்பளைங்க?"

"அது கூடியிருக்கு. முப்பது சொச்சம் அதிகம். சிகரெட்டா இருக்கும்னு எழுதியிருக்காங்க." அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். "திங்கட்கிழமை மாப்பிள்ளையோட புதுப் பதிப்பு வருது. அறுபது வயசுக்குக் கீழ இருக்கற பொம்பளைங்க இந்த உபாதையோட வந்தா பெஞ்சும் வேண்டாம், ஈசிஜியும் வேண்டாம், மாத்திரை குடுத்து நேரா வீட்டுக்கு. இங்க மட்டும் இல்ல, நாப்பது ஆஸ்பத்திரியில."

டோக்கன் அக்காவுக்கு அந்தக் கணக்கு புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. படிப்பு பெரிதாக இல்லாவிட்டாலும் பதினோரு வருஷம் கட்டங்களோடு குப்பை கொட்டியவள். நெஞ்சு அடைத்து வந்த பெண்களையெல்லாம் பொறுக்கி எடுத்து ஆண்கள் வரிசையில் வைத்தது யார்? பெண்கள் வரிசையில் மிச்சம் இருந்தவர்கள் தலைவலிக்காரிகள், நிஜமாகவே தூக்கம் கெட்டவர்கள், பெஞ்சிலிருந்து எழுந்து போய் 'நலம்' என்று பதிவானவர்கள். முப்பத்து நான்கு பேரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, பெண்களுக்கு நெஞ்சுவலியே வராது என்று மாப்பிள்ளைக்குப் பதினோரு மாதம் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். இந்த உலகத்தில் ஒரே ஒருத்தி அந்தக் கேள்வியைக் கேட்டாள். அவள் வாயையும் இவளே போய் அடைத்துவிட்டு வந்திருக்கிறாள். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் வாய்விட்டு அழுதாள்.

"பேரைப் பார்த்தாலே தெரியுமேம்மா" என்று திரும்பி வந்து கேட்டாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "ஆம்பளைன்னு போட்டுட்டு, பேரு பொம்பளைப் பேரா இருந்தா?"

"பேரெல்லாம் எடுத்துட்டுத்தான் அக்கா எங்களுக்குக் குடுப்பாங்க. நோயாளியோட அந்தரங்கம் இல்லையா? எங்களுக்கு வெறும் நம்பர்தான்." சொல்லிவிட்டு அந்தப் பெண் அவளையே பார்த்தாள். "ஏங்க்கா கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்றாள்.

அன்று அவள் சும்மாதான் என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. வீட்டில் இருப்பது அவள் சம்பளம் ஒன்றுதான். புருஷன் லாரி ஓட்டி முதுகெலும்பு தேய்ந்து வீட்டோடு இருக்கிறான். மகள் படித்துக்கொண்டிருக்கிறாள். நோயாளிப் பதிவில் பொய் எழுதினால் வேலை மட்டுமா போகும், வழக்கும் வரும். தான் மட்டும் போனால் பரவாயில்லை என்றால் அதுவும் இல்லை. மாலை வீட்டுக்குப் போகும் வழியில் ஈசிஜிக்காரியிடம் சொன்னபோது அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"வாயைத் திறக்காதே. உனக்குக் கையெடுத்துக் கும்பிடறேன். அந்தத் தாள் எல்லாத்துலயும் என் கையெழுத்து இருக்கு. என் புள்ளைக்கு இன்னும் ரெண்டு வயசுகூட ஆகலடி."

"திங்கட்கிழமைலேர்ந்து நாப்பது ஊர்ல பொம்பளைங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்கடி. அங்கெல்லாம் கையைத் தொட்டுப் பார்க்க யாரு இருக்கா?"

"நீ ஒருத்திதான் உலகத்தைத் தாங்கணுமா? நல்லதுதானே பண்ணினே? விட்டுடு."

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவன் சுவரில் சாய்ந்து முதுகை நிமிர்த்திக்கொண்டான். "சொல்லாம இருந்தா நீ தூங்க மாட்டே. நீ தூங்கலைன்னா என்னையும் தூங்க விடமாட்டே. போய்ச் சொல்லித் தொலை" என்றான். அதற்கு மேல் அவனிடமிருந்து எதிர்பார்க்கவும் முடியாது. அதுவே பெரிசு என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

புதன்கிழமை காலை, ஊருக்குக் கிளம்ப இருந்த டேட்டாப் பெண்ணிடம் சொன்னாள். அந்தப் பெண் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "அக்கா, அக்கா" என்று இரண்டு தடவை சொன்னாள், அவ்வளவுதான். இரண்டு பேருமாக மேலாளர் அறைக்குப் போனார்கள். ஆண் என்று பதிந்து பெண் பெயர் உள்ளவர்கள் பட்டியலை எடுக்க ஆஸ்பத்திரிக் கணினிக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. முப்பத்து நான்கு வரிகள். மேலாளர் அதை மேலும் கீழும் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. முதலில் வந்த வார்த்தை, "இது வெளிய தெரியுமா?" என்பதுதான்.

"திருத்திடலாம் சார்" என்றாள் டேட்டாப் பெண்.

"திருத்தினா திருத்தினோம்னு தெரியும். கெட்டுப்போன பதிவுன்னு இந்த முப்பத்தி நாலையும் நீக்கிடுவோம். யாருக்கும் தொந்தரவு இல்ல."

"நீக்கினா இவங்க ஆம்பளைங்க கணக்குலயும் இருக்க மாட்டாங்க, பொம்பளைங்க கணக்குலயும் இருக்க மாட்டாங்க சார். வரவே இல்லன்னு ஆயிடும்."

"நல்லதும்மா."

அந்தப் பெண் விடவில்லை. தன் பதிவைத் திருத்தச் சொல்லி நோயாளியே நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் ஆஸ்பத்திரி திருத்தியே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறதாம். பத்துப் பதிவுகளாவது இப்படித் திருத்தப்பட்டால், மறுபடி பார்க்கும்வரை புதியதை வெளியிடக் கூடாது என்று அவர்கள் கம்பெனியிலும் ஒரு விதி இருக்கிறதாம். விதியைச் சொன்னதும் மேலாளர் கொஞ்சம் பின்வாங்கினார். "வெள்ளிக்கிழமை அஞ்சு மணிவரைக்கும் டைம். அதுக்கப்புறம் நீக்கிடுவேன்" என்றார். டோக்கன் அக்காவைப் பார்த்து, "நீங்க இனிமே கவுண்டர்ல உக்கார வேண்டாம். உங்க விஷயத்தை அப்புறம் பேசுவோம்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

வியாழக்கிழமை முழுக்க அவள் போன் பண்ணினாள். செத்துப்போன நாலு பேரைக் கழித்தால் முப்பது எண்கள். அதில் இருபத்தாறு எண்ணை எடுத்தது புருஷன், மகன், மருமகன், மைத்துனன். தொடர்பு எண் என்று கேட்டபோது பெண்கள் சொன்னது அந்த எண்களைத்தான். அவளும் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டிருக்கிறாள். "அவ நல்லாத்தான் இருக்கா, இப்ப என்னத்துக்கு ஆஸ்பத்திரி?" என்று ஒருவன் வைத்துவிட்டான். "பொம்பளைன்னு கையெழுத்துப் போடணுமா? உங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா?" என்று இன்னொருவன் சிரித்தான். "அம்மாகிட்டயே குடுங்க தம்பி, ரெண்டு வார்த்தை" என்று கெஞ்சினால், "என்கிட்ட சொல்லுங்க, நான் சொல்லிடறேன்" என்பார்கள். சொல்லியிருப்பார்களா? யாருக்குத் தெரியும். பொழுது சாய்கிற நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், அந்த ஆபீஸ் போனிலிருந்து பேசினாள். பின்னால் மிஷின் ஓடும் சத்தம் காதைப் பிளந்தது. "எங்க வீட்டுக்காரர் ஏதோ சொல்லிச் சிரிச்சாரு, எனக்குச் சரியாப் புரியல. என்னன்னு சொல்லுங்க" என்றாள். டோக்கன் அக்கா ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்தப் பக்கம் அவள் மிஷின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினாள். "வரேன். இங்க இன்னும் ரெண்டு மூணு பேரு உங்க ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க இருக்காங்க. கேட்டுப் பார்க்கறேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை மாடி வராந்தாவில் ஒரு மேஜையையும் இரண்டு நாற்காலிகளையும் போட்டுக்கொண்டு டோக்கன் அக்காவும் டேட்டாப் பெண்ணும் உட்கார்ந்தார்கள். முப்பது படிவம், ஒரு மைப்பெட்டி, இரண்டு பேனா. கீழே கவுண்டரில் புதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஈசிஜிக்காரி இரண்டு தடவை அந்த வழியாகப் போனாள். இரண்டு தடவையும் சுவரைப் பார்த்துக்கொண்டே போனாள். பதினோரு மணிக்கு ஒருத்தி வந்தாள். மதியத்துக்குள் நாலு பேர். ஒவ்வொருத்தியும் படிவத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "நான் பொம்பளைன்னு எழுதணுமா?" என்று கேட்டுவிட்டு ஒரு தரம் சிரித்தாள், காரணத்தைக் கேட்ட பிறகு சிரிக்காமல் கையெழுத்துப் போட்டாள். தையல் கம்பெனிக்காரி மூன்று மணிக்கு அனுமதி கேட்டுக்கொண்டு ஓடி வந்தாள், கூட இன்னொருத்தி. நாலரை மணிக்கு ஏழு பேர் ஆகியிருந்தார்கள். மேலாளர் அறைக்கதவு திறந்தே இருந்தது. உள்ளிருந்து அவர் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது.

"இன்னும் மூணு பேரு வேணும்க்கா" என்றாள் டேட்டாப் பெண். நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

நாலே முக்காலுக்கு ஒருத்தி படியேறி வந்தாள். தையல் கம்பெனியின் நீலச் சட்டை, தோளில் நூல் ஒட்டியிருந்தது. அந்த முகத்தை டோக்கன் அக்காவுக்கு அடையாளம் தெரியவில்லை. சரி, எத்தனை முகம் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டு எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வாங்கம்மா. டோக்கன் நம்பர் ஞாபகம் இருக்கா?"

வந்தவள் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்துப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். பச்சைச் சீட்டு.

"என்னுது இல்ல. எங்க அக்காவோடது. அவ கைப்பையில இருந்துச்சு."

"அவங்களே வரணுமேங்க" என்றாள் டேட்டாப் பெண். "நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும்."

"எப்படி வருவா? இங்கேர்ந்து வீட்டுக்கு வந்து, துணி துவைச்சுக் காயப்போட்டா. அங்கயே விழுந்துட்டா."

டோக்கன் அக்கா சீட்டை எடுத்துப் பார்த்தாள். மார்ச் மாதத்துத் தேதி. காலை பதினொன்று பத்து. பெண், நாற்பத்து நாலு வயது. தோள் வலி, களைப்பு, தூக்கமின்மை. கீழே சீட்டுக் கொடுத்தவர் என்ற இடத்தில் அவளுடைய எண். அந்தக் காலையை, அந்த முகத்தை எவ்வளவு முயன்றும் அவளால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. கையைத் தொட்டிருப்பாள். சூடாக இருந்திருக்கும். அல்லது கூட்டம் அதிகமாக இருந்து தொடாமலே நீட்டியிருப்பாள். சந்தேகமாக இருந்ததால் 'பெண்' என்று போட்டிருப்பாள். கணக்கில் செத்துப்போன அந்த அக்கா இன்றைக்கும் 'நலம், வீடு திரும்பினார்'.

"நீங்கதான் குடுத்தீங்களாம். கம்பெனியில சொன்னாங்க" என்றாள் வந்தவள். குரலில் சண்டை இல்லை. "இதையும் சேர்த்துக்கணும். நான் எங்க கையெழுத்துப் போடணும்?"

டேட்டாப் பெண் படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். மேலாளர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. டோக்கன் அக்கா மூடி திறந்த பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். படியில் இன்னும் ஆட்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு வயதான அம்மா, அவளுக்குப் பின்னால் பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண், அவளுக்கும் பின்னால் நீலச் சட்டையில் இரண்டு பேர். யாரையும் அவளுக்குத் தெரியவில்லை. அத்தனை பேர் கையிலும் பச்சைச் சீட்டு இருந்தது.